பாலர் பள்ளியில் சேர்க்கும் பருவம் எது?

தைப் பொங்கல் கழிந்த சில நாட்களுக்குள் நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு எழுகின்றது. சின்னக் குழந்தையை வரும் ஜூன் மாதத்திலேயே பாலர் வகுப்பில் சேர்த்துவிடலாமா, அல்லது இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா என்பதே அப்பேச்சு. நூலையும் கூலியையும் பட்டுக்கூட்டின் விலையையும் பற்றிப் பேசவேண்டிய ஓர் இதழில் இதற்கு இடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சங்கத்தில் வாங்கும் சிறுகடன் எதற்குச் செலவாகின்றது என்பதைத் தம் வீட்டளவில் எண்ணிப் பார்ப்பவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். பணத்தினும் பெரியது குழந்தையின் ஓராண்டு. அதனை அவசரத்தால் கெடுத்துவிடலாகாது. அச்சத்தால் வீணாக்கவும் ஆகாது.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை தறியில் அமர்ந்திருக்கின்றார். தாய் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குச் செல்கின்றார். ஒரு வாரம் விடியற்காலையிலும் மறு வாரம் பிற்பகலிலும் புறப்பட வேண்டும். பாட்டியோ கெலமங்கலத்துப் பக்கம் மல்பெரித் தோட்டத்தையும் புழு மனையையும் விட்டு வர இயலாதவர். குழந்தை 2023ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிறந்தவன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழும் கன்னடமும், சேர்க்க எண்ணும் பள்ளியில் ஆங்கிலம். "இடம் நிறைந்துவிடும், இப்போதே பணம் கட்டுங்கள்" என்று பள்ளியார் சொல்லியிருக்கின்றனர். இவ்வீட்டார் செய்யத்தக்கது யாது?

வயதுக் கணக்கு

முதலில் சட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். நம் தமிழ்நாட்டில், ஜூலை 31ஆம் நாளுக்குள் 3 வயது நிரம்பிய குழந்தையை எல்.கே.ஜி.யிலும், 5 வயது நிரம்பிய குழந்தையை முதல் வகுப்பிலும் சேர்ப்பது வழக்கம். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கும் இவ்வாறே வயது கணக்கிடப்பட்டு வந்துள்ளது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோ, 3 முதல் 6 வயது வரை பாலர் பருவம் என்றும், 6 வயது நிரம்பிய பின்னரே முதல் வகுப்பு என்றும் கூறுகின்றது. கேந்திரிய வித்தியாலயங்களில் 2022ஆம் ஆண்டு முதல் இக்கணக்கே நடைமுறையில் உள்ளது.

ஜூஜுவாடிச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடக மாநிலத்தின் விதி. முதல் வகுப்பில் சேர ஜூன் 1ஆம் நாளுக்குள் 6 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று அம்மாநில அரசு 2022இல் ஆணையிட்டு, 2025-26ஆம் கல்வியாண்டு முதல் அதனைச் செயற்படுத்த முனைந்தது. முன்னரே சிறு வயதில் எல்.கே.ஜி.யில் சேர்க்கப்பட்டிருந்த பல குழந்தைகள் யு.கே.ஜி. முடித்தும் முதல் வகுப்பில் நுழைய இயலாத நிலை ஏற்பட்டது. பெற்றோர் முறையிட்டதன் பேரில், 2025 ஏப்ரலில், அவ்வோராண்டுக்கு மட்டும் 5 வயது 5 மாதம் போதுமென்று விதி தளர்த்தப்பட்டது.

நாம் கூறிய குழந்தைக்கு இவ்விரு கணக்குகளையும் பொருத்திப் பார்ப்போம். தமிழ்நாட்டு வழக்கப்படி அவன் 2026 ஜூனில் எல்.கே.ஜி.யிலும் 2028 ஜூனில் முதல் வகுப்பிலும் சேரலாம். கர்நாடகத்தின் 2022ஆம் ஆண்டு ஆணையின்படியோ, 2029 ஜூலையில்தான் 6 வயது நிரம்புமாதலால், 2030 ஜூனில்தான் முதல் வகுப்பு. ஒரே குழந்தை; இடையே சில மைல் தூரம்; வேறுபாடு ஈராண்டு! இதிலிருந்து நாம் அறிவது, வயது என்பது அரசு போடும் வேலிக்கோடேயன்றிக் குழந்தையின் பக்குவத்தை அளக்கும் அளவுகோல் அன்று என்பதாம். எனினும் வேலியை மதித்தே ஆகவேண்டும். வேலையின் பொருட்டு எல்லை தாண்டிக் குடிபோகும் எண்ணமுள்ளவர்கள், அவ்வாண்டுக்குரிய அறிவிப்பை இரு பக்கமும் விசாரித்துக்கொள்வது நலம். சிலர் பிறந்த தேதியை ஓரிரு மாதம் முன்தள்ளி எழுதிக்கொடுக்க எண்ணுகின்றனர். அது குற்றமாவதோடு, அக்குழந்தையை ஆயுள் முழுவதும் தொடரும் முடிச்சாகவும் ஆகும். அதனை ஒருபோதும் செய்யலாகாது.

காப்பு வேறு, கல்வி வேறு

இனி, மூக்கண்டப்பள்ளி போன்ற ஊர்களுக்கே உரிய ஒன்றை மறைக்காமல் கூறுவோம். இங்குப் பல குழந்தைகள் இரண்டரை வயதில் பள்ளி வாயிலை மிதிப்பதற்குக் காரணம், குழந்தை தயாராகிவிட்டது என்பதன்று. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதே. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. உழைத்து உண்ணும் குடும்பத்தில் தாய் வேலைக்குச் செல்வது குற்றமாகாது. ஆயினும், காப்பைத் தேடிச் சென்று கல்வி என்னும் பெயரில் கட்டணம் செலுத்திவிட்டு, குழந்தைக்கு எழுத்து வரவில்லையென்று அடிப்பது பெருந்தவறு. குழந்தைக்கு வேண்டியது காப்பானால் காப்பையே தேடுவோம்.

பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுவை நேரே பெருமனையில் எவரும் விடுவதில்லை. இரண்டாம் தோலுரிப்பு வரை சாக்கி மையத்தில், தளிரிலையைப் பொடியாக நறுக்கியிட்டு, வெப்பமும் ஈரமும் பார்த்து வளர்த்த பின்னரே அது விவசாயியின் கைக்கு வருகின்றது. முற்றிய இலையை முன்கூட்டி இட்டால் புழு விரைவில் வளர்ந்துவிடுவதில்லை, நலிந்தே போகின்றது.

அத்தகைய இளம்பருவக் காப்புக்கு நம் நாட்டில் நல்ல மரபு உண்டு. ஜெர்மனியில் பிரீட்ரிக் புரோபெல் 1837இல் தொடங்கிய நிலையத்திற்கு 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயர் வந்தது. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தாராபாய் மோடக் அம்மையார் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் சிற்றூரில் ஏழைக் குழந்தைகள் வாழும் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்றார். முற்றத்துப் பள்ளி என்னும் பொருளில் பிறந்ததே அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் அப்பெயர் நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2 வயதுக் குழந்தையையும் பகல் உணவுக்கு மையத்திற்கு அழைத்துவந்தது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் சோதனை முறையில் தொடங்கப்பட்டன.

ஆதலின் அங்கன்வாடியை ஏழைகளின் சோற்றுக்கூடம் என்று இகழ்ந்து ஒதுக்குவது அறியாமை. மையத்தின் நேரம் தாயின் ஷிப்டுக்குப் போதாது என்னும் குறை மெய்யே. அதற்கும் ஒரு வழி சட்டத்தில் உண்டு. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் அமைக்கவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விதித்தது. இக்கடமை இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றது. வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகள் இதனைக் கேட்டுப் பெறவேண்டும். தனியொருத்தியாகக் கேட்கத் தயங்குபவர்கள் பலர் சேர்ந்து கேட்கலாம். கூட்டுறவின் பாடமும் அதுவேயன்றோ?

குழந்தையிடம் பார்க்க வேண்டுவன

பள்ளிக்குப் பக்குவமா என்பதை அறிய, 'ஏ, பி, சி' சொல்கின்றதா, நூறு வரை எண்ணுகின்றதா என்று பார்ப்பவர் பலர். அவை பள்ளி கற்றுத்தர வேண்டியவை. பள்ளிக்கு முன் வேண்டியவை அல்ல. நாம் பார்க்கவேண்டுவன வேறு. தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கின்றது, வெளியே போகவேண்டும் என்பவற்றை அறிமுகமில்லாத பெரியவரிடம் ஏதேனும் ஒரு மொழியில் சொல்லுகின்றதா? தானே எடுத்து உண்ணுகின்றதா? தாய் விட்டுச் சென்றபின் அழுதாலும், சிறிது நேரத்தில் தேறி விளையாட்டில் கலக்கின்றதா? மற்றொரு குழந்தை கையிலுள்ள பொம்மைக்காகச் சற்றேனும் காத்திருக்கின்றதா? ஒரு சிறு கதையை முடியும்வரை கேட்கின்றதா? இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்குமானால் குழந்தையை அனுப்பலாம். முதற் சில நாட்கள் அழுவது மட்டும் பக்குவமின்மைக்கு அடையாளம் ஆகாது.

எழுதுவதைப் பற்றி ஒரு சொல். நம் மணிக்கட்டிலுள்ள 8 சிற்றெலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே உள்ளன; அவை ஒவ்வொன்றாகப் பல ஆண்டுகளில் கெட்டிப்படுகின்றன. மூன்று வயதுக் குழந்தையை நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பது அக்கைக்கு ஏலாத சுமை. களிமண் பிசைதல், மணி கோத்தல், மணலில் கோடிழுத்தல் ஆகியவையே அவ்வயதின் எழுத்துப் பயிற்சி.

நம் ஊருக்குரிய மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி வளர்ந்த குழந்தை, பள்ளியில் சில மாதங்கள் வாய் திறவாமல் இருக்கக்கூடும். அது மந்தமன்று, புது மொழியைக் காதால் பருகிக்கொண்டிருக்கின்றது. வீட்டு மொழியை விடச் சொல்லாதீர்கள். ஆனால் வீட்டு மொழியிலும் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை 'பள்ளிக்குப் போனால் சரியாகும்' என்று விட்டுவிடலாகாது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றனர், அவர்களிடம் காட்டலாம்.

பள்ளியிடம் கேட்க வேண்டுவன

குழந்தை பள்ளிக்குத் தயாரா என்று கேட்கும் நாம், பள்ளி குழந்தைக்குத் தயாரா என்றும் கேட்கவேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள்? ஆசிரியைக்கு உதவியாக ஆயா உண்டா? கழிவறை குழந்தையின் உயரத்திற்கு ஏற்றதா? பகலில் உறங்க இடமுண்டா? வீட்டுப்பாடம் உண்டா? உண்டு என்று பெருமையோடு கூறும் பள்ளியைச் சற்று ஐயத்துடனேயே நோக்குங்கள். மழலை வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் நடத்துவதை ஒழிக்கவேண்டும் என்று பேராசிரியர் யஷ்பால் குழு 1993இலேயே பரிந்துரைத்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1989இல், எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் பேச எழுந்தபோது எடுத்துக்கொண்ட பொருளும் குழந்தையின் புத்தகச் சுமையே.

"ஓராண்டு தாமதித்தால் பிள்ளை பின்தங்கிவிடுவானே" என்பது பெற்றோரின் நெஞ்சிலுள்ள அச்சம். பின்லாந்தில் 7 வயதில்தான் முறையான பள்ளி தொடங்குகின்றது. நியூசிலாந்தில் ஆய்வு செய்த செபாஸ்டியன் சுகேட், 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் 7 வயதில் தொடங்கியவர்களுக்கும் 11 வயதளவில் வாசிப்புத் திறனில் வேறுபாடு காணவில்லை. எனினும், தாமதமே எப்போதும் நல்லது என்று நாம் கூறவில்லை. நான்கு வயது நெருங்கிய, ஓடியாடிப் பேசிப் பழகும் குழந்தையைத் தெருவிலே துணையின்றி விட்டுவைப்பதும் தீங்கே.

இனி, நாம் எடுத்துக்கொண்ட வீட்டிற்குத் திரும்புவோம். 2026 ஜூனில் அக்குழந்தைக்கு 3 வயதுகூட நிரம்பியிராது. வகுப்பிலேயே எல்லோரினும் சிறியவனாக இருப்பான். ஆகவே நாம் கூறும் யோசனை இது: பணம் கட்டும் கவலையை இப்போது விடுங்கள். இவ்வாண்டே அங்கன்வாடியில் சேர்த்து, மையம் மூடிய பிறகு தந்தையோ, தொழிற்சாலைக் காப்பகமோ, நம்பிக்கையுள்ள அண்டை வீட்டாரோ பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த பொங்கலன்று மேற்கூறிய கேள்விகளை மீண்டும் கேட்டுப் பாருங்கள். 2027 ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்ந்தால், 6 வயது நிரம்பும் தறுவாயில் முதல் வகுப்பை அடைவான். கட்டணத்திற்கு வழியில்லையெனில், எல்.கே.ஜி. இன்றியே 5 வயது நிரம்பியதும் அரசுப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்க்கவும் தடையில்லை.

ஒரே தெருவில் நான்கைந்து அங்கத்தினர் வீடுகளில் இவ்வாறு குழந்தைகள் இருப்பின், முறைவைத்துப் பார்த்துக்கொள்வது கடினமன்று. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். நூலையும் கூட்டையும் ஒன்றுசேர்ந்து விற்கத் தெரிந்த நமக்கு, நம் குழந்தைகளை ஒன்றுசேர்ந்து காக்கவும் இயலும்.