கல்லூரிக்கு இன்னொரு வழி

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியான மறுவாரம், சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் வசிக்கும் லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் தம் மகனுடன் என் வீட்டுக்கு வந்தார். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) 'மெஷினிஸ்ட்' பிரிவில் சேர மகனுக்கு விருப்பம். தந்தைக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. "நாந்தானுங்க சார் இந்தக் கிரீஸ் கையோட கெடக்கறேன். பையனாவது ஒரு டிகிரி வாங்கட்டுமுங்க. எந்த டிகிரியா இருந்தாலும் சரிங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த நானும் எத்தனையோ பெற்றோரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பே 'வாய்ப்புச் செலவு' என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். ஆனால், எதிரில் அமர்ந்திருந்த மாணவர்கள் செலவிட்ட மூன்று ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து வெளியிட்ட 'இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024' ஒரு கசப்பான உண்மையைக் கூறுகிறது. 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டம் பெற்ற இளைஞர்களிடையே 29.1 சதவீதம். இதைக்கொண்டு படிப்பு வீண் என்று முடிவு கட்டுவது தவறு. வறியவரால் வேலையின்றிக் காத்திருக்க முடியாது. கிடைத்த கூலிக்குச் சென்றுவிடுகிறார். பட்டதாரி தகுந்த வேலைக்காகக் காத்திருக்கிறார். ஆயினும், அந்தக் காத்திருப்பின் செலவைச் சுமப்பது பெரும்பாலும் கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பம்தான்.

பட்டம் திறமையை வளர்ப்பதைவிட, 'இவர் திறமையுள்ளவர்' என்று வேலை தருவோருக்கு உணர்த்தும் அடையாளமாகவும் இயங்கக்கூடும் என்று 1973-இல் விளக்கியவர் மைக்கேல் ஸ்பென்ஸ். 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர். எல்லோரிடமும் ஒரே அடையாளம் இருக்கும்போது அதன் மதிப்பு குறைகிறது. முன்பு பட்டம் கேட்ட வேலைக்கு இன்று முதுநிலைப் பட்டம் கேட்கப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எனினும், அந்தத் தந்தையின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இது எளிதில் கிட்டிய வெற்றியன்று. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று தமிழகம் எதிர்த்தது. 1954-இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். 'உன் மகன் தொழில் பழகட்டும்' என்ற அறிவுரையை எளிய குடும்பங்கள் இன்றும் ஐயத்துடன் கேட்பதற்கு வரலாறு காரணமாக இருக்கிறது. அறிவுரை கூறுவோர் தம் பிள்ளைகளை மட்டும் கல்லூரிக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

'பயிற்சி' என்ற சொல்லுக்கே கொங்கு மண்டலத்தில் ஒரு கறை உண்டு. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நூற்பாலைகள் பலவற்றில் ஏழை வீட்டு இளம்பெண்கள் மூன்றாண்டுப் 'பயிற்சியாளர்'களாகச் சேர்க்கப்பட்டனர். இறுதியில் திருமணத்துக்கென ஒரு தொகை தரப்படும் என்ற வாக்குறுதியை நம்பி, விடுதிகளில் அடைபட்டுக் குறைந்த கூலிக்கு உழைத்தனர். அங்கே அவர்கள் பெற்ற பயிற்சியை எடுத்துக்கொண்டு வேறெங்கும் செல்ல வழியில்லை.

எனவே, கல்லூரியா பட்டறையா என்பதன்று கேள்வி. பட்டறைக்குச் செல்பவருக்குக் கல்லூரியின் கதவு திறந்தே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐடிஐ-யில் ஈராண்டுப் பயிற்சியை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பி.இ. படிக்கும் வாய்ப்பைக் கோவைக் கல்லூரிகள் சில நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளன. அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்கள் ஐடிஐ-க்கும் பொருந்தும். இவற்றுள் பின்னது 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டதே கோவையில்தான்.

இந்தச் சிந்தனை இவ்வூருக்குப் புதிதன்று. சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் சாலை வழியாகச் சென்றால் அவிநாசி சாலையில் 'ஹோப் காலேஜ்' நிறுத்தம் வரும். பள்ளிப் படிப்பையே முடிக்காத ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் 1945-இல் உருவான ஆர்தர் ஹோப் கல்லூரியின் பெயர் அது. அக்கல்லூரியே பின்னர் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. பொறியியல் படிப்பின் காலத்தைக் குறைத்துச் செய்முறையைக் கூட்ட வேண்டும் என்று நாயுடு வாதிட்டார். அரசு ஏற்காததால் விலகினார். ஒரு ஜி.டி. நாயுடுவைக் காட்டி எல்லோரையும் படிப்பை விடச் சொல்வது பிழை. ஆனால், கையும் கருத்தும் சேர்ந்து கற்க வேண்டும் என்ற அவரது வாதம் பிழையன்று.

கல்லூரி அல்லாத எந்த வழியைத் தேர்ந்தாலும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, முடிவில் கிடைக்கும் சான்றிதழ் வேறு நிறுவனத்திலும் செல்லுமா? இரண்டாவது, அதைக்கொண்டு மேலே படிக்க முடியுமா? மூன்றாவது, பயிற்சிக் காலத்தில் எழுத்துவழி ஒப்பந்தமும் சட்டப்படியான உதவித்தொகையும் உண்டா? 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நடைமுறையில் உள்ளது. தகுதிக்கேற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை குறைந்தபட்ச உதவித்தொகையை 2019 திருத்தம் நிர்ணயித்தது. முப்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும் என்பதும் விதி. மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது.

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த தந்தை, "அதெல்லாம் சரிங்க சார். நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போனா, பையன் என்ன படிச்சிருக்கான்னு கேப்பாங்களே, என்னங்க சொல்றது?" என்றார். பொருளியலில் இதற்கு விடை இல்லை. 'மெஷினிஸ்ட், மாலையில் டிப்ளமா படிக்கிறான்' என்பதையும் மதிப்புக்குரிய பதிலாக ஏற்கவேண்டியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாம்தான். விண்ணப்பத்துக்கு இன்னும் சில நாள்கள் இருந்தன. பையன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தந்தை அதைப் பார்த்தார். ஆனால், எடுத்துவிடச் சொல்லவில்லை.