வேலை முடிந்ததும் கரைந்துபோகும் பேஸ்மேக்கர்

வானூர்ப் பக்கத்தில் ஒருவருக்கு இதய ஆபரேஷன் என்றால் வீட்டார் பெரும்பாலும் புதுச்சேரி ஜிப்மருக்குத்தான் ஓடுவார்கள். ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்கப் போனால் சிலருக்கு நெஞ்செலும்புக்குக் கீழே தோலைத் துளைத்து மெல்லிய கம்பிகள் வெளியே வந்திருக்கும். அவற்றின் மறுமுனை கட்டிலருகே ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். அதுதான் தற்காலிக பேஸ்மேக்கர். கத்தி பட்ட இதயம் சில நாட்களுக்குத் துடிப்பில் தடுமாறலாம். அந்த நாட்களில் பெட்டி மின்துடிப்பு அனுப்பித் தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும்.

இதயம் தேறியதும் டாக்டர் கம்பியை உருவிவிடுவார். பெரும்பாலும் சிக்கல் இருக்காது. ஆனால் கம்பியைச் சுற்றித் திசு வளர்ந்து பிடித்திருந்தால், உருவும்போது இதயத்தில் கிழிசல் விழலாம். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு 2012இல் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. கம்பியை எடுத்தபின் உள்ளே ரத்தம் கசிந்தது. அந்த மாதமே இறந்தார்.

உருவவே வேண்டாத கருவி செய்தால் என்ன? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ராஜர்ஸும் இகோர் எஃபிமோவும் இதில் இறங்கினார்கள். 2021இல் உடலுக்குள் கரையும் பேஸ்மேக்கரை அறிவித்தார்கள். 2025இல் வந்தது அதைவிடப் பொடிசு: நீளம் 3.5 மி.மீ., அகலம் 1.8 மி.மீ., கனம் 1 மி.மீ. ஒரு பொன்னி அரிசியைவிடச் சிறியது.

இத்தனை சிறியதற்குள் பேட்டரி எங்கே? எலுமிச்சம்பழத்தில் துத்தநாக ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி மின்சாரம் எடுத்த பள்ளிக்கூடச் சோதனை நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். இங்கே இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே எலுமிச்சைச் சாறுக்குப் பதிலாக உடல் நீர்.

எப்போது துடிக்கவேண்டும் என்று சொல்வது ஒளி. நெஞ்சின்மேல் ஒட்டிய பட்டை துடிப்பைக் கவனிக்கும். குறைந்தால் அகச்சிவப்பு ஒளியை மினுக்கும். இருட்டில் உள்ளங்கைக்கு அடியில் டார்ச் அடித்தால் கை சிவந்து ஒளிர்வதுபோல, அந்த ஒளியும் சதையைக் கடந்துபோகும். கருவிக்குள் இருக்கும் ஒளி சுவிட்ச் அதனால் இயங்க, இதயத்துக்கு ஒரு தூண்டல் கிடைக்கும். வேலை முடிந்தபின், கரையும் தையல் நூல்போல, பாகங்கள் உடலிலேயே கரைந்துவிடும்.

எலி, பன்றி, நாய், உறுப்புக் கொடையாளர்களின் இதயங்கள் ஆகியவற்றில் சோதித்திருக்கிறார்கள். மனிதருக்கு வர இன்னும் படிகள் உண்டு. அதுவரை நம் வீட்டு நோயாளிக்குக் கம்பிதான். அதை எடுத்த அன்று மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ, ‘காற்று போதாமல் இருக்கும்’ என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.