திடல் அமைக்க நிதி வரும், பராமரிக்க?

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விடுவது, ஆட வருபவர்களிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பது அதன் சாரம். பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பந்து வாங்குகிற பிள்ளைகள் அதற்கு எங்கே போவார்கள்? கடும் எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் கைவிடப்பட்டது. திடல்களை மாநகராட்சியே பராமரிக்கும் என்று அறிவிப்பு வந்தது.

சரியான முடிவு. ஆனால் அப்படியொரு தீர்மானம் மன்றத்துக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. திடல் அமைப்பதற்கு ஏதாவதொரு திட்டத்தில் நிதி கிடைத்துவிடும். அதன் பிறகு காவலர் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் வருடா வருடம் உள்ளாட்சியின் பொது நிதியில்தான் விழும்.

கிராமத்தில் இந்தச் சிக்கல் சட்டத்திலேயே தொடங்குகிறது. 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர் ஆகியவற்றை ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. விளையாட்டுத் திடல், வாசகசாலை, பொழுதுபோக்கு மையம் போன்றவை ஊராட்சி விரும்பினால், கையில் பணமும் இருந்தால், செய்துகொள்ளலாம் என்ற பட்டியலில் இருக்கின்றன. நகரங்களின் நிலை ஏட்டளவில் மேல்: 74-வது அரசமைப்புச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 12-வது அட்டவணை, பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் பெயர் சொல்லியே நகராட்சிப் பணிகளில் சேர்த்திருக்கிறது.

பணம் வரும் வழியைப் பாருங்கள். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில், கிராம ஊராட்சிகளுக்கு வரும் தொகையில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. அதாவது, அந்தப் பணத்தில் கைப்பந்துத் திடல் அமைக்கலாம், அதைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் தர முடியாது. சம்பளத்துக்கு வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதி ஆணைய மானியம் என்று வேறு பக்கம் கையேந்த வேண்டும். அந்தப் பணத்துக்காகத் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

இந்த இடைவெளியைத்தான் ஒவ்வொரு ஆட்சியும் மேலிருந்து வரும் திட்டங்களால் நிரப்பப் பார்த்தது. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய். நூலகமும் விளையாட்டு மையமும் அதில் அடக்கம். பத்தாண்டு கழித்து அம்மா பூங்காவுக்கு 20 லட்சம், அம்மா உடற்பயிற்சிக் கூடத்துக்கு 10 லட்சம். 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஊருக்கு என்ன தேவை என்பது பெரும்பாலும் கோட்டையில் முடிவானது. பராமரிப்பு மட்டும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. பூட்டிய கேட், பேரிங் துருப்பிடித்து அசையாத நடைப்பயிற்சிக் கருவி, முழங்கால் உயரச் செடிகள் என்று பல ஊர்களில் அவை கிடக்கும் கோலத்துக்கு மக்களின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. சில நூறு ரூபாய் பேரிங்கை மாற்றச் செலவுத் தலைப்பு இல்லாததுதான் காரணம்.

பணத்துக்கு அடுத்த கேள்வி, இடம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். இந்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரியது. உங்கள் நகரில் அப்படி எழுதிக் கொடுத்த இடத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். கிராமத்தில் புறம்போக்குதான் வழி. அதிலும் நீர்நிலைப் புறம்போக்கைத் தொட முடியாது.

முடிவெடுக்கும் இடத்தில் மக்களுக்கும் வாய் உண்டு. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே “மைதானம் வேண்டும்” என்று மட்டும் எழுதித் தரும் மனு பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. புல எண், உத்தேச மதிப்பீடு, எந்த நிதியில் செய்யலாம், ஆண்டுப் பராமரிப்பு யார் பொறுப்பு ஆகியவற்றோடு போகும் கோரிக்கையை ஒதுக்கித் தள்ளுவது கடினம். விளக்கும் கழிப்பறையும் அந்த மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். அவை இல்லாத திடலில் மாலை ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளைப் பார்க்க முடியாது.

மாநகராட்சி, நகராட்சி பட்ஜெட்டுகள் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வரும். துறைகளின் மதிப்பீடுகள் அதற்கு முன்பே தயாராகிவிடும் என்பதால், வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கப் பொங்கல் வரை காத்திருக்கக் கூடாது.