சிங்க்கில் தெரியும் துரு யாருடையது?

புது எவர்சில்வர் சிங்க் பொருத்திச் சில மாதங்களிலேயே அடியில் பழுப்புத் திட்டு தெரிந்தால், கடைக்காரர் மீதுதான் முதலில் சந்தேகம் வரும். பல வீடுகளில் அந்தத் துரு சிங்க்கினுடையதே அல்ல. ராத்திரி முழுக்க ஊறப்போட்ட தோசைக்கல்லும், இரும்பு நார் உதிர்த்த துணுக்குகளும் ஈரத்தில் துருப்பிடித்துத் தங்கள் கறையை அங்கே விட்டுப் போயிருக்கும். ஆப்பசோடாவைக் குழைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஆனால் எவர்சில்வரும் இரும்புதான். நல்ல சிங்க்குகள் செய்யப்படும் 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம்; மீதியில் மிகப் பெரும்பகுதி இரும்பு. காப்பாற்றுவது குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கரண்டி பட்டுக் கீறினாலும், காற்று பட்டதும் படலம் தானே மறுபடி உருவாகிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1913-இல் துப்பாக்கிக் குழாய்க்கு உருக்கு தேடிய ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்த தன் உருக்கை வினிகரும் எலுமிச்சைச் சாறும் அரிக்கவில்லை என்று கண்டார். சமையலறைக்குள் இந்த உலோகம் நுழைந்தது அப்படித்தான்.

புளிப்புக்கு அசையாத இந்தப் படலம் உப்புக்கு அசைந்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு படலத்தை ஓரிடத்தில் உடைத்தால், அங்கே ஊசிமுனை அளவில் குழி விழும். குழிக்குள் ஆக்சிஜன் போய்ச் சேராததால் படலம் மீண்டும் உருவாக வழியில்லை. உள்ளே குளோரைடும் அமிலமும் அடர்த்தியாகிக்கொண்டே போகும். ஆகவே குழி தன்னைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும். ஈர ஸ்பாஞ்ச் எப்போதும் கிடக்கும் மூலை, ரப்பர் விரிப்பின் அடிப்பக்கம், உப்புத் தண்ணீர் தேங்கும் வடிகால் ஓரம் ஆகியவை இதற்குத் தோதான இடங்கள்.

கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டைச் சிங்க்கில் ஊற்றுவதுதான் என் கணக்கில் மிக மோசமான வைத்தியம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலமும் குளோரைடும் ஒரே பாட்டிலில். பிளீச்சிங் பவுடர் கரைசலையும் ஊறவிடக் கூடாது. அதோடு வினிகரோ ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலுக்கு ஆபத்து.

போர் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தாலே கரையும். பிறகு நன்றாக அலச வேண்டும். ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைக்கும் வீடியோக்கள் பார்க்க ஜோர். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. ஒன்றை ஒன்று சமன்செய்துவிட, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீரும் ஒரு உப்பும்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே வேலை செய்யும். தேய்ப்பதை உலோகத்தில் தெரியும் கோடுகளின் போக்கிலேயே தேய்த்தால் கீறல் கண்ணில் படாது. ராத்திரி கடைசியாக ஒரு உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் படிவும் குறையும், குளோரைடுக்கும் ஈரம் கிடைக்காது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சிங்க் என்பார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த, விலை மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. துருவைத் தாங்குவதில் அது 304-க்குக் கீழேதான். கடலோரத்திலோ உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டிலோ இருப்பவர்கள் காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு, ரகத்தின் எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லலாம்.