படகின் தளம் மக்கிவிட்டதா?

ஃபைபர் படகு மக்காது என்று பலரும் எண்ணுகின்றனர். கண்ணாடியிழை மக்குவதில்லை என்பது உண்மையே. ஆனால், பல படகுகளின் மேல்தளத்தில் இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பிளைவுட்டோ பால்சா மரமோ வைக்கப்பட்டிருக்கும். திருகாணித் துளைகளின் வழியே கசியும் நீர் அம்மரத்தை உள்ளுக்குள்ளேயே அழித்துவிடுகிறது. மேலே வண்ணம் பளபளக்கும். கீழே உறுதி இராது. அலைமோதும் வேளையில் அத்தளம் உடைந்தால், மேலே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

படகு வைத்திருப்போரே! சிறு சுத்தியலால் தளமெங்கும் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தாலோ, மிதிக்கையில் அமுங்கினாலோ பழுது உள்ளே இருக்கிறது எனக் கொள்ளுங்கள்.

மேலே வண்ணம் பூசி மறைப்பது தீர்வாகாது. மேல்தகட்டை அறுத்தெடுத்து, மக்கிய மரம் முழுவதையும் நீக்கி, ஈரம் அறவே உலர விடுங்கள். பின்னர் மரைன் பிளைவுட்டை எப்பாக்ஸி ரெசினால் ஒட்டி, கண்ணாடியிழைத் துணியைப் பழைய விளிம்பின்மீதும் ஏறுமாறு அடுக்கடுக்காகப் பதியுங்கள். தேய்க்கையில் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் அவசியம்.

இத்துடன் பணி முடிந்துவிடாது. ஒவ்வோர் ஆணித்துளையையும் பெரிதாக்கி, எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே புதிய துளை இடுங்கள். நீர் புகுந்த வழியை அடைக்காவிட்டால், இன்று வைத்த மரமும் நாளை மக்கியே போகும்.