இயேசு யாவர் என்னும் வினாவும் ஒருவன் துணிபும்

சமயப் பொருள்களுள் சில கேட்ட அளவில் அமைவன. சில கேட்டவனே தன்னுள் ஆராய்ந்து துணிய வேண்டுவன. கிறித்து சமயத்தின் நடுநாயகராகிய இயேசு யாவர் என்னும் வினா இரண்டாம் வகையினது. பிலிப்புச் செசரியாவின் பக்கத்துச் சென்றபோது அவர் தம் மாணாக்கரை நோக்கி, உலகத்தார் தம்மை யாரென்று கூறுகின்றனர் என முன்னர் வினவி, மாணாக்கர் தாம் யாதென்று கொண்டனர் எனப் பின்னர் வினவினார் என்று சுவிசேஷங்கள் கூறும். பிறர் கருத்தை எடுத்துரைத்தல் எளிது. தன் கருத்தைத் துணிந்துரைத்தல் அரிது.

அவ்வருமைக்கு வங்க நாட்டு வரலாறொன்று சான்றாம். இராஜா ராம்மோகன் ராயர் 1820 ஆம் ஆண்டில், சுவிசேஷங்களிலுள்ள அற்புதச் செயல்களையும் கொள்கைப் பூசலுக்கு இடமாகும் பகுதிகளையும் பெரும்பாலும் விடுத்து, இயேசுவின் அறவுரைகளைத் தொகுத்துக் கல்கத்தாவில் வெளியிட்டார். சீராம்பூர்ப் பாதிரியாராகிய ஜோசுவா மார்ஷ்மன் என்பார் அதனை மறுத்தார். இயேசுவின் தெய்வத்தன்மையையும், உலகத்தார் பாவத்தின் பொருட்டு அவர் உயிர் துறந்தமையையும் நீக்கி, அறவுரையை மட்டும் வீட்டிற்கு நெறியாகக் கோடல் சாலாது என்பது அவர் கூறிய தடையின் சாரம். ராயரோ இயேசுவை இறைவனால் விடுக்கப்பெற்ற ஆசிரியராகக் கொண்டனரன்றி இறைவனோடு ஒப்பாராகக் கொண்டிலர். அவர் 1820, 1821, 1823 ஆம் ஆண்டுகளில் மூன்று விடைநூல்கள் எழுதினார். மூன்றாவதனைப் பாப்திஸ்து அச்சகத்தார் அச்சிட மறுக்கவே, தாமே அச்சகம் நிறுவி வெளியிட்டார்.

இஃது இங்ஙனமாக, ராயரும் வில்லியம் ஆதாம், வில்லியம் யேட்ஸ் என்னும் பாதிரிமார் இருவரும் ஒருங்கிருந்து சுவிசேஷங்களை வங்காளியில் மொழிபெயர்த்து வந்தனர். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில், எல்லாப் பொருளும் வார்த்தை எனப்படுவாரால் உண்டாயின என்னுமிடத்துக் கிரேக்கத்தில் ‘தியா’ என்னும் இடைச்சொல் நின்றது. அதற்கு அவர் செய்தார் என்பது பொருளோ, அவரைக் கருவியாகக் கொண்டு பிறர் செய்தார் என்பது பொருளோ என ஐயம் எழுந்தது.

இவ்வையம் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. நம் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபும் கருவி, கருத்தா என்னும் இருபொருளும் தரும். குடம் திரிகையால் ஆயிற்று என்னுமிடத்துத் துணைக்காரணத்தையும், குயவனால் ஆயிற்று என்னுமிடத்து நிமித்த காரணத்தையும் அவ்வோர் உருபே உணர்த்துதல் காண்க. தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் பயிலும் பழைய மொழிபெயர்ப்பும் அவ்வொரு வசனத்துள்ளேயே ‘மூலமாய்’ என்றும் ‘ஆல்’ என்றும் இருவகையானும் ஆளுகின்றது.

ராயரும் ஆதாமும் ‘மூலமாக’ என்பதே பொருளெனக் கொண்டனர். யேட்ஸ், அது குமாரனைப் பிதாவினுங் கீழ்ப்படுத்துமென அஞ்சி அப்பணியினின்றும் விலகினார். ஆதாம் மேலும் ஆராய்ந்து, 1821 ஆம் ஆண்டில் மும்மைக் கொள்கையைக் கைவிட்டு, இறைவன் ஒருவனே என்னும் கட்சியிற் சேர்ந்தார். அவர் தம் சங்கத்தாரைப் பிரிய நேர்ந்தது; எதிர்க்கட்சியார் அவர் பெயரையே பற்றி, வீழ்ந்த இரண்டாம் ஆதாம் என எள்ளினர்.

அற்றேல், ஓர் இடைச்சொல்லே இவ்வழக்கை முடித்ததோ எனின், அன்று. வார்த்தை எனப்படுவாரைத் தேவன் என்றே அச்சுவிசேஷத்தின் முதல் வசனம் கூறுகின்றது. அலெக்சாந்திரியாவினராகிய ஆரியு என்பார் குமாரனைப் பிதாவினால் ஆக்கப்பட்டவரென வாதித்தபோதும், 325 ஆம் ஆண்டில் நைசியாவிற் கூடிய சபையார் குமாரன் பிதாவோடு ஒரே பொருளினர் என அதனை மறுத்தபோதும், இருசாராரும் காட்டிய பிரமாணம் ஒரே வேதநூலே. ஆகலின் உரையளவை ஒன்றே இங்குத் துணிபு தாராது. கருதலளவையும் உடன் வேண்டும்.

கருதல் யாதோவெனின், தன் துணிபிற்கு மாறாகத் தோன்றும் பகுதியைத் தானே எடுத்து வைத்து விடை காண்டல். இயேசுவை ஆசிரியரென்று மட்டும் கொள்வார், அவர் பாவங்களை மன்னித்தார் எனச் சுவிசேஷங்கள் கூறுவதற்கு விடை கூறல் வேண்டும். அவரைக் கடவுளென்று கொள்வார், பிதா தம்மினும் பெரியவர் என அவரே உரைத்ததாக யோவான் கூறுவதற்கு விடை கூறல் வேண்டும். தனக்கு உடன்பாடான வசனங்களை மட்டும் எண்ணி வைப்பவன் துணிந்தவனல்லன்; முன்னரே கொண்டதனை மீட்டும் சொல்லியவனேயாவன்.

நம்மவருள்ளும் இவ்வினாவிற்கு விரைந்து விடையிறுப்பார் இருதிறத்தார் உளர். ஒருசாரார், அவரும் ஓர் அவதாரமே என்பர். முதல்வன் கருவிற் பட்டுப் பிறத்தலைச் சித்தாந்தம் உடன்படாமையின், இது நம் நூலுக்கும் ஒவ்வாது, அவரொருவரே தேவகுமாரர் என்னும் கிறித்தவர் கொள்கைக்கும் ஒவ்வாது, உபசாரமாத்திரையே. மற்றொருசாரார், பிறர்போல் அவரும் ஒரு மனிதரே என்பர். அவருட் பலர் ஒரு சுவிசேஷத்தையேனும் முற்ற ஓதியவரல்லர். உடன்படாதொழிதல் குற்றமன்று, ஓதாது மறுத்தலே குற்றம். நம் ஆசிரியன்மார் பிறர் மதத்தை அவர் கூற்றாகவே முழுவதும் எடுத்து நிறுத்திய பின்னரன்றோ மறுக்கப் புகுந்தனர்?

மூவர் ஒரு நூலையே ஆராய்ந்தனர். யேட்ஸ் தம் கொள்கையில் நின்றார், ஆதாம் மாறினார், ராயர் இருசாராரோடும் முற்றும் ஒன்றாது 1828 ஆம் ஆண்டிற் பிரம சபையை நிறுவினார். முடிபு வேறாயினும், மூலத்தைத் தாமே நோக்கியதும், தம் துணிபின் விளைவைத் தாமே ஏற்றதும் மூவர்க்கும் பொது. துணிபுகள் வேறுபடலாம், இரவலாகப் பெற்றது எவர்க்கும் துணிபாகாது என்க.