ஜூலைக் காற்றில் இடமில்லை

மும்பை டிராம்பே சீத்தா கேம்பில் இட்லி அவித்து விற்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "விடியக்காலை அடுப்பு மூட்டியதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுகிறோம். ஜனவரியில் சுவர் காய்ந்து கிடக்கிறது. ஜூலையில் தண்ணீராக வழிகிறது. ஃபேன் பழுதா?"

ஃபேனில் பழுதில்லை. காற்றில்தான் இடமில்லை.

ஜனவரி விடியலில் வெளியே 18 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 11 கிராம் நீராவி இருக்கும். சுவர் 22 டிகிரி என்றால், அறைக்காற்றில் நீராவி 19 கிராமைத் தாண்டினால்தான் சுவரில் நீர் கோக்கும். ஆக உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டரும் எட்டு கிராம் ஆவியை ஏற்றிக்கொண்டு வெளியேறலாம். ஜூலையில் 28 டிகிரி, 90 சதவீதம். வரும்போதே காற்றில் 24.5 கிராம். சுவரும் 28 டிகிரிதான். அதன் எல்லை 27. மிச்சம் இரண்டரை கிராம்! அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றியும் ஜனவரியில் வெளியேற்றும் ஆவியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வெளியேற்ற முடிவதில்லை.

ஹார்பர் லைனில் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜனவரிக் காற்று காலியாக வரும் லோக்கல். ஜூலைக் காற்று, வாஷியிலேயே நிரம்பி மான்குர்டுக்கு வரும் காலை வண்டி. ஃபுட்போர்டில் இரண்டு பேர் தொற்றலாம். மற்றவர்கள் பிளாட்பாரத்தில், அதாவது சுவரில். பெரிய ஃபேன் போட்டால் வண்டிகள் கூடும், சரி. ஆனால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் சிக்னல் சிவப்புதான்: உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே எதுவும் போகாது. ஃபேனை ஒட்டியே ஜன்னல் திறந்திருந்தால், வண்டி பிளாட்பாரத்துக்கே வராமல் யார்டுக்குத் திரும்பிவிடும். திறப்பு எதிர்ச்சுவரில், கீழே இருக்க வேண்டும்.

ஆவி கொப்பரையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 30 லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அறையில் கலந்திருக்கும். கரியமில வாயு தனி: கிலோவுக்கு மூன்று கிலோ. புளிக்கும் மாவு விடும் வாயுவுக்குப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்கள் (மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்). 5 சதவீத பீர் 20 லிட்டர் புளித்து முடியும்வரை வெளிவரும் கரியமில வாயு முக்கால் கிலோ. கால் கிலோ எல்பிஜி எரிந்தாலே அவ்வளவும் வந்துவிடும். அங்கேயும் வீட்டை நனைப்பது புளிப்பு அல்ல, காய்ச்சும்போது கொதிக்கும் பானைதான்.

இடநெருக்கடியின் கதை பழசு. அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி என்ற குடியிருப்பைக் காலிசெய்து, 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், மக்களைக் கொண்டுவந்து விட்ட இடம் சீத்தா கேம்ப். சின்ன மனை, ஒட்டிய சுவர். காற்றைப் பற்றி அன்று யார் யோசித்தார்கள்?

செய்ய வேண்டியது, ஆவி அறைக்காற்றில் கலக்கும் முன்பே பிடிப்பது. கொப்பரைக்கு நேர்மேலே தகரக் கூண்டு, அதிலிருந்து வெளியே போகும் குழாய், குழாயில் ஃபேன். 40 வாட் ஃபேன் தினம் நான்கு மணி நேரம் ஓடினால் மாதம் ஐந்து யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 50 ரூபாய். கூண்டு செய்யவும் சுவரைத் துளைக்கவும்தான் காசு போகும். அந்தப் பணத்தை ஏர் பியூரிஃபையரில் போடாதீர்கள். அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்கும், நீராவியை விட்டுவிடும். குழாயில்லாத சிம்னி, உறிஞ்சிய ஆவியை அறைக்கே திருப்பித் தரும். விளம்பரம் இதைச் சொல்லாது.

மழை அடிக்கிறதென்று கீழ்த் திறப்பை அடைக்க வேண்டாம், மேலே ஒரு தகடு சாய்த்தால் போதும். கசியும் எல்பிஜி தரையோடு தேங்கும், அதற்கும் அதுதான் வழி. தீ மஞ்சளாகிக் கொப்பரை அடியில் கரி பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.